நரகாசுரன் சாக மாட்டேன் என்கிறான்: மைன்கிராஃப்ட் தீபாவளி நாடகத்துக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்து நாடகம் 2020-இல் மைன்கிராஃப்ட் என்ற, கட்டம் அடுக்கிக் கட்டும் விளையாட்டுக்குள் குடிபோனது. அந்த ஆண்டு மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து, மறுபடி இறுகி, நவம்பர் 14 தீபாவளிக்கும் பிள்ளைகளை ஊருக்கு வரவிடவில்லை. கிள்ளானில் ஒருத்தி, ஜொகூர் பாருவில் இரண்டு பேர், சிங்கப்பூரில் மூன்று பேர். என் அப்பா ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திடலில் நரகாசுரன் வேஷம் கட்டியவர். நாடகம் இல்லாத தீபாவளியை என் அம்மா, பிள்ளைகளுக்குப் பாட்டி, ஏற்றுக்கொள்ளவே மாட்டார். சரி, விளையாட்டுக்குள்ளேயே மேடை கட்டுவோம் என்று இறங்கினோம். கட்டுப்பாடு போய்ப் பல வருஷம் ஆகியும் அங்கேதான் நாடகம் நடக்கிறது, ஏனென்றால் மேடை அங்கேதான் இருக்கிறது.

மேடை என்றால் முழுத் தோட்டம். லயம், மாரியம்மன் கோயில், பெரட்டுக் களம், பிர்ச் மரத்தைப் பால்மரமாக வைத்து நட்ட நிரை, ஒவ்வொரு மரத்தடியிலும் பால் வடியும் மங்குக்குப் பதில் ஒரு பூந்தொட்டி. மேட்டில் துரை பங்களா. அதுதான் நரகாசுரனின் பிராக்ஜோதிஷபுரம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அசுரன் வீடு எங்கே என்று கேட்டபோது பாட்டி யோசிக்காமல் மேட்டைக் காட்டினார்.

எங்களிடம் ஓடுவது ஜாவா பதிப்புச் சர்வர், அதாவது கணினிக்கான பதிப்பில் எல்லாரும் வந்து சேரும் பொது உலகம். கைப்பேசிப் பிள்ளைகள் பெட்ராக் பதிப்பில் வருகிறார்கள், நடுவில் கீசர் என்ற இணைப்பு மென்பொருள் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கிறது. மாதச் சந்தா கட்டி எடுக்கும் ரெல்ம்ஸ் சர்வர் இதைவிட எளிது. ஆனால் அதில் சொந்தக்காரரைத் தவிர ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம். எங்கள் நடிகர்களே ஒன்பது பேர்.

கீழே உலக விதிகளின் (கேம்ரூல்) பெயரை வேலையை வைத்துச் சொல்கிறேன். சாய்கோடு போட்டுக் கட்டளையைத் தட்டத் தொடங்கினால் விளையாட்டே பட்டியலை நீட்டும், அதில் தேடுங்கள். புதிய பதிப்புகளில் சில விதிகளுக்குப் பெயர் மாறியிருக்கிறது. பழைய காணொளியைப் பார்த்து அப்படியே தட்டினால் சிவப்பு எழுத்துதான் வரும்.

## முதலில் ஒரு கேள்வி

எந்தக் குறை வந்தாலும் இதைக் கேளுங்கள்: எல்லாருக்குமா, ஒருத்தருக்கு மட்டுமா?

எல்லாருக்கும் என்றால் சர்வர், அல்லது உலகத்தின் விதிகள். ஒருத்தருக்கு என்றால் அவருடைய கைப்பேசி, அவருடைய கணக்கு, அவருடைய வீட்டு இணையம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு என்றால் அந்த வீட்டு மோடத்தில் தொடங்குங்கள். இதைக் கேட்காமல் 2021-இல் ஒரு பையனுக்காக மூன்று தடவை சர்வரை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் வெளியே விழுந்து திரும்ப வர வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் அவன் கைப்பேசி பேட்டரி சேமிப்பில் இருந்தது.

அதனால் நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பெரட்டு எடுக்கிறோம். அதிகாலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவார்களே, அதே மாதிரி. களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டதும் பத்து அடி நடந்து, ஒரு வசனம் பேசி, கையை வீச வேண்டும். நடை இருக்கிறது குரல் இல்லை, குரல் இருக்கிறது நடை இல்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மெல்பர்னில் இருக்கும் அக்கா மகளுக்கு அந்த மாதத்தில் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால் என்பதையும் பெரட்டில்தான் கண்டுபிடித்தோம், அவள் வராததால்.

## “மாமா, உள்ள வர முடியல!”

இது தகவல் இல்லை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒற்றை வரியில் பாதி வைத்தியம் இருக்கிறது.

‘அன்னோன் ஹோஸ்ட்’ என்றால் முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார். பெரும்பாலும் கடைசியில் ஒரு வெற்று இடைவெளி, கைப்பேசித் தட்டச்சு தானாகச் சேர்த்தது.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் வீட்டு வாசல் வரை வந்துவிட்டார், அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் (கணினியில் இந்த விளையாட்டுக்கான வாசல் எண்) தப்பு. ஜாவாவுக்கு வழக்கமான எண் 25565. பெட்ராக்குக்கு 19132. கைப்பேசியில் போர்ட்டுக்குத் தனிக் கட்டம் இருக்கும். முகவரியோடு ஒட்டி எழுதக்கூடாது.

‘டைம்ட் அவுட்’தான் தலைவலி. தட்டுகிறார், பதிலே இல்லை. கணினியின் தடுப்புச்சுவர், அல்லது மோடத்தில் போர்ட் திறக்காதது. நாங்கள் முதல் வருஷம் இரண்டு போர்ட்டையும் டிசிபி (தரவு போகும் முறைகளில் ஒன்று, இன்னொன்று யுடிபி) என்று திறந்து வைத்தோம். கணினிக்காரர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள், கைப்பேசிக்காரர்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். 25565-க்கு டிசிபி சரி, 19132-க்கு யுடிபி வேண்டும். குறை இப்படிக் கட்சி பிரித்தாற்போல் வந்தால் அங்கே பாருங்கள்.

போர்ட் எல்லாம் திறந்தும் யாருமே வர முடியவில்லையா? மோடத்தின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் வீடும் இன்னும் பல வீடுகளும் ஒரே பொது முகவரியைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. மோடத்தில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து வழி கிடையாது. வாடகைச் சர்வர் எடுங்கள், இல்லையென்றால் இடையில் சுரங்கவழி போட்டுக் கொடுக்கும் சேவையைப் பயன்படுத்துங்கள். கைப்பேசித் தரவில் சர்வர் நடத்த நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பதிப்பு பழையது, புதியது என்று ஏதாவது வந்தால் யாரோ ஒருவருடைய விளையாட்டு இரவோடு இரவாகத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கீசரைப் புதிதாக்கினால் பெரும்பாலும் தீரும். நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே தானியங்கிப் புதுப்பிப்பை அணைக்கச் சொல்லிவிடுங்கள்.

அனுமதிப் பட்டியல் போட்டிருந்தால் (போடுங்கள், முன்பின் தெரியாதவர் வந்து கோயிலை உடைக்காமலிருக்க) கைப்பேசிக்காரர்கள் பெயருக்கு முன் ஒரு புள்ளி சேரும். கீசரின் கூட்டாளியான ஃப்ளட்கேட் அதைச் சேர்க்கிறது. புள்ளி இல்லாமல் பட்டியலில் எழுதினால் பையன் வாசலிலேயே நிற்பான்.

கடைசியாக, ‘மல்டிபிளேயர் இஸ் டிசேபிள்ட்’. இது சிறுவர் கணக்கு. பெற்றோரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பலர் சேர்ந்து விளையாட அனுமதி கொடுத்தால்தான் திறக்கும். எங்கள் சத்தியபாமாவுக்கு இது வந்தது. அவள் அப்பாவுக்குக் கடவுச்சொல் ஞாபகம் இல்லை, கடவுச்சொல்லை மீட்கும் குறியீடு போகும் எண் அவர் பழைய வேலையில் கொடுத்தது, அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ. அந்த வருஷம் சத்தியபாமா தன் அண்ணன் கணக்கில், அண்ணன் பெயரில், மீசையோடு வந்து போர் புரிந்தாள். இதைத் தீபாவளிக்கு முந்தின நாள் சரிசெய்ய முடியாது. ஒரு மாதம் முன்னால் பாருங்கள்.

## சர்வர் திறந்ததும் மூடிக்கொள்கிறது

முதல் தடவை என்றால் அது பிழையே இல்லை. உரிம ஒப்பந்தக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு நின்றுவிடும். அதைத் திறந்து ஃபால்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்படியும் மூடினால் கணினியில் இருக்கும் ஜாவா (சர்வரை ஓட்டும் மென்பொருள், பதிப்பின் பெயர் அல்ல) பழையது. விளையாட்டின் 1.18-க்கு ஜாவா 17 வேண்டும், 1.20.5-இலிருந்து குறைந்தது 21.

## கிருஷ்ணர் நீலமாக இல்லை, தலைக்கு மேல் ‘நாசி லெமாக் 88’ என்று இருக்கிறது

தோல் (ஸ்கின்) என்பது ஆட்டக்காரர் உருவத்தின் மேல் போர்த்தும், 64-க்கு 64 புள்ளி கொண்ட சின்னப் படம். மயிற்பீலி, பீதாம்பரம் எல்லாம் அதற்குள் வரைந்துவிடலாம், எங்கள் கிள்ளான் பெண் அழகாக வரைவாள். ஒருத்தர் திரையில் மட்டும் கிருஷ்ணர் விளையாட்டின் இயல்பு உருவங்களில் ஒன்றான ஸ்டீவாகத் தெரிந்தால் அவருடைய பெட்ராக்கில் ‘நம்பகமான தோல்கள் மட்டும்’ என்ற தேர்வு போட்டிருக்கிறது, அணைக்கச் சொல்லுங்கள். எல்லார் திரையிலும் ஸ்டீவ் என்றால் சர்வரில் கணக்குச் சரிபார்ப்பை அணைத்துவிட்டீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள், வேறு நல்ல காரணங்களுக்காகவும்.

பெயரை மறைக்க, நடிகர்கள் எல்லாரையும் ஓர் அணியில் சேர்த்து, அந்த அணிக்குப் பெயர்ப்பலகை தெரியாதபடி வையுங்கள். கையோடு அதே அணிக்கு மோதல் விதியையும் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் சபைக் காட்சியில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டே மேடை விளிம்புக்குப் போய்விடுவார்கள். இந்த அணி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நரகாசுரனிடம் போகும்போது திரும்ப வரும்.

## குரல்

ஜாவா பதிப்பில் பேசும் வசதி கிடையாது. தனியாக ஒரு குரல் செயலியில் எல்லாரும் சேர்ந்துகொள்ள வேண்டும். நாடகம் கெடுவதில் முக்கால்வாசி இங்கேதான் கெடுகிறது, இதில் விளையாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதிரொலி கேட்டால், ஒரே கூடத்தில் இரண்டு பேர் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவராக வாயடைத்துப் பாருங்கள். எவரை அடைத்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர் வீட்டில்தான் ஒலிபெருக்கி அலறுகிறது. காதில் மாட்டும் ஹெட்ஃபோன் ஆளுக்கு ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இல்லாத வீட்டில் ஒருவர் அறைக்குள் போகட்டும், இன்னொருவர் அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதையில்) உட்காரட்டும்.

பொத்தானை அழுத்தினால் மட்டும் பேசும்படி வைப்பது நல்லது. வைக்காத வருஷம், பூமாதேவி மகனுக்காக அழும் இடத்தில் ஒரு வீட்டில் முறுக்கு போட்ட எண்ணெய் சத்தமும், “அடுப்பக் குறைடி” என்ற குரலும் சேர்ந்து கேட்டன. பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

உறுமி வாசிக்கிறேன் என்று ஒருத்தர் வந்தால், அவர் பக்கத்தில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். அந்த வசதிக்கு மனிதக் குரல் தவிர மற்ற எல்லாமே இரைச்சல். எங்கள் பெரியப்பா ஐந்து நிமிஷம் கைவலிக்க வாசித்தார், எங்களுக்கு ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. யாருக்கும் சொல்ல மனமும் வரவில்லை.

குரல் முன்னால் வருகிறது, உடல் பின்னால் வருகிறது என்றால் சர்வரில் பளு. அதைத் தனியாகச் சொல்கிறேன். ஒரே ஒரு நடிகருக்கு அப்படி என்றால் வசனத்தைச் சொல்லிவிட்டு மூன்று எண்ணி நகரச் சொல்லுங்கள். கூத்தில் ராஜா பேசிவிட்டுத்தானே சுற்றுவார், அது மாதிரி.

## நரகாசுரன் சாக மாட்டேன் என்கிறான்

கதைப்படி அவனுக்குத் தாயின் கையால் மட்டுமே சாவு. சத்தியபாமா பூமாதேவியின் அவதாரம் என்பதால் அவள் அம்பு பட்டதும் விழ வேண்டும். எங்கள் சத்தியபாமா எட்டு அம்பு விட்டாள். நரகாசுரன் நின்றுகொண்டு கைகாட்டினான்.

இந்தக் குறைக்குக் காரணம் ஒன்றல்ல. நாங்கள் இடித்துக்கொண்ட வரிசையிலேயே தருகிறேன்.

அவன் படைப்பு முறையில் இருக்கலாம். மேடை கட்டும்போது போட்டது, மாற்ற மறந்தது. அந்த முறையில் அம்பு ஒன்றும் செய்யாது. பிழைப்பு முறைக்கு மாற்றுங்கள்.

சர்வர் அமைப்புகளில், புதிய பதிப்பென்றால் உலக விதிகளில், ஆட்டக்காரர் ஆட்டக்காரரை அடிக்கும் வசதி அணைந்திருக்கலாம். பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்று நீங்களே என்றைக்கோ அணைத்திருப்பீர்கள்.

அணி. பெயரை மறைக்க எல்லாரையும் ஓர் அணியில் போட்டோமல்லவா, அந்த அணியில் ‘தோழரைத் தாக்குதல்’ அணைந்திருந்தால் கிருஷ்ணரும் நரகாசுரனும் ஒரே கட்சி. ஒரு குறையைத் தீர்த்த மருந்து இன்னொரு குறையாகி வந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஒத்திகை பிடித்தது.

உலகம் அமைதி நிலையில் இருக்கலாம். பூதங்கள் வராமலிருக்க அந்த நிலை நல்லதுதான். ஆனால் அதில் உயிர் தானாக விரைவாக ஏறிக்கொண்டே இருக்கும். சத்தியபாமா ஓர் அம்புக்கும் அடுத்த அம்புக்கும் நடுவில் வசனம் பேசினால், வசனம் முடிவதற்குள் காயம் ஆறிவிடும்.

இவை எல்லாம் சரிசெய்த பிறகு 2022-இல் நடந்தது: அம்பு பட்டது, நரகாசுரன் விழுந்தான், உடனே பொன்னிறமும் பச்சையுமாய்ப் பொறி பறக்க எழுந்து நின்றான். பதின்மூன்று வயதுப் பயல், இடது கையில் சாகாவரப் பொம்மையை ஒளித்து வைத்திருந்திருக்கிறான். டோட்டம் என்பார்கள், கையில் இருந்தால் ஒரு சாவைத் தடுக்கும். “அசுரன்னா வரம் வாங்கியிருப்பான்ல மாமா” என்றான். வாதத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து திரை தூக்குவதற்கு முன் எல்லா நடிகர் பையையும் கட்டளை போட்டுக் காலி செய்து, வேண்டியதை மட்டும் கையில் கொடுக்கிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நரகாசுரன் முதல் காட்சியிலேயே, வேறு யாருடைய கைதவறிய அடியிலோ, பங்களா மேட்டிலிருந்து விழுந்தோ செத்துவிடுவான். ஆகவே சாவை ஆட்டக்காரர் கையில் விடாதீர்கள் என்பதுதான் என் தீர்மானம். நரகாசுரனுக்கு ‘தாங்கும் சக்தி’ விளைவை ஐந்தாம் நிலையில் கொடுங்கள். கட்டளையில் பெருக்கி எண் 4 என்று போட வேண்டும், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால். அந்த நிலையில் எந்த அடியும் வலிக்காது. சத்தியபாமா இஷ்டத்துக்கு அம்பு விடட்டும். கடைசி வசனம் முடிந்ததும் நீங்கள் கில் கட்டளையைப் போடுங்கள். அந்தக் கட்டளைக்கு எதிரே தாங்கும் சக்தியும் நிற்காது, டோட்டமும் நிற்காது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டளையின் பொத்தானை அழுத்துவது பாட்டி. அவரும் தாய்தானே.

செத்த பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். முதல் வருஷம் அசுரன் செத்த அடுத்த நொடி பார்வையாளர் நடுவில் முளைத்தான், உலகத்தின் பிறப்பிடம் அங்கேதான் வைத்திருந்தோம். அவனுக்கு மட்டும் தனிப் பிறப்பிடம் மேடைக்குப் பின்னால் வையுங்கள். மரணச் செய்தி காட்டும் விதியை அணையுங்கள், இல்லையென்றால் உருக்கமான கட்டத்தில் யாரை யார் சுட்டார் என்று ஓர் ஆங்கில வரி ஓடும். உடைமை கொட்டாமலிருக்கும் விதியைப் போடுங்கள். போடாவிட்டால் அசுரனின் கிரீடம் கீழே விழுந்து, கூட்டத்தில் எவனாவது அதை எடுத்து மாட்டிக்கொள்வான். விழுந்த அடி வலிக்கும் விதியையும் அணைத்துவிடுங்கள், கிருஷ்ணருக்காக.

அவன் ‘நான் சாகும் நாளை விளக்கேற்றிக் கொண்டாடுங்கள்’ என்று வரம் கேட்கும் வசனம் சாவதற்கு முன்னால் வர வேண்டும். செத்தவுடன் ஆள் மறைந்துவிடுவான், பிணமாகப் படுத்துப் பேச இந்த விளையாட்டில் வழியில்லை. நாடகப் பிரதி எழுதும்போதே இதை மனதில் வையுங்கள்.

## கருடன்

ஐந்து வருஷம் கருடனுக்கு வழியே இல்லாமல் கிருஷ்ணர் படகில் வந்தார். 2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பில் ஹேப்பி காஸ்ட் என்ற பறக்கும் வெள்ளைப் பிராணி வந்தது. சேணம் போட்டால் நான்கு பேர் ஏறலாம். முன்னால் ஏறியவர் ஓட்டுவார். கருடன் கிளம்ப மாட்டேன் என்றால் மேலே பாருங்கள், யாராவது அதன் முதுகில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆள் மேலே நின்றால் அது அசையாமல் காத்திருக்கும். கருடன் தப்பான திசையில் போனால் சத்தியபாமா முதலில் ஏறிவிட்டாள். கதைப்படி அவளும் ஓட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

## பொழுது தப்பாக விடிகிறது

விளையாட்டில் ஒரு நாள் இருபது நிமிஷம்தான். நாடகம் நாற்பது நிமிஷம். பொழுது ஓடும் விதியையும் வானிலை மாறும் விதியையும் அணைத்துவிட்டு நேரத்தைக் கையால் தள்ளுங்கள். 18,000 நள்ளிரவு. நரகாசுரன் விழுந்ததும் 23,000 போட்டால் கிழக்கே வெளுக்கும், எண்ணெய்க் குளியல் நேரம் அது. பிறகு விதியைத் திருப்பிப் போட்டுவிட்டால் சூரியன் தானே மேலே வரும். எங்களுக்கு இதைவிடச் சிறந்த திரைச்சீலை கிடைத்ததில்லை.

விளக்குக்கு 1.17-இல் வந்த மெழுகுவத்தி போதும், ஓர் இடத்தில் நான்கு வரை வைக்கலாம், ஒன்றுக்கு மூன்று அளவு வெளிச்சம். நெருப்பு பரவும் விதியை அணைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். எங்கள் லயத்துக்கு மரக் கூரை. ஒருமுறை எரிந்தது.

## எல்லாம் இழுக்கிறது

சர்வர் சாளரத்தில் ‘காண்ட் கீப் அப்’ என்று வரி வந்தால் அது நொடிக்கு இருபது துடிப்பு எடுக்க முடியாமல் திணறுகிறது. இணையத்தைத் திட்டாதீர்கள், கணினிக்குத்தான் பளு. முதலில் உயிரினங்களை எண்ணுங்கள். தோட்டம் என்றால் மாடு வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் ஆரம்பித்து, கோதுமை கொடுத்துக் கொடுத்து, கோயில் பின்னால் நூற்றுக்கணக்கில் பெருக்கிவிட்டார்கள். ஐந்து மாட்டை விட்டுவிட்டு மற்றதை அழித்ததும் குரலும் உடலும் ஒன்று சேர்ந்தன. அப்புறம் பார்வைத் தூரம்: இயல்பாகப் பத்து இருக்கும், ஆறுக்கு இறக்குங்கள், மேடை அதற்குள் அடங்கிவிடும்.

பட்டாசு ஒருத்தர் திரையில் மட்டும் இழுத்தால் அவர் படத்தரத்தைக் குறைக்கட்டும். வாணத்தை ஆள் பக்கத்தில் வெடிக்க விடாதீர்கள், வண்ண நட்சத்திரம் வைத்த வாணம் பக்கத்திலிருப்பவரைக் காயப்படுத்தும்.

## பார்வையாளர் மேடையில் ஏறுகிறார்கள்

பெரியவர்களுக்குச் சாகச முறை. சுவரை உடைக்க முடியாது, ஆனால் கதவு, விசை, பொத்தான் எல்லாம் வேலை செய்யும், பெட்டியும் திறக்கும். கட்டுக்கு அடங்காத வாண்டுகளுக்குப் பார்வையாளர் முறை. எதையும் தொட முடியாது, சுவருக்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லாரையும் பார்வையாளர் முறையில் போட்டால் சுலபம்தான், ஆனால் அவர்கள் நடிகர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். காலித் திடலைப் பார்த்து நடிக்க யாருக்கும் வராது. 2021-இல் அப்படிச் செய்து, நரகாசுரன் பாதியில் “யாராச்சும் இருக்கீங்களா லா?” என்று கேட்டுவிட்டான்.

வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஒரு தனிக் கணக்கைப் பார்வையாளர் முறையில் விட்டு, எஃப்1 அழுத்தி ஓரத்துக் கட்டங்களை மறையுங்கள். பாட்டிக்கு அதுதான் முன்வரிசை நாற்காலி.

## தமிழ் உடைந்து தெரிகிறது

அரட்டையிலோ பலகையிலோ தமிழ் எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் விழும், ‘கொ’ மூன்று துண்டாகக் கிடக்கும். உங்கள் எழுத்துருவில் குறை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், எழுத்தைக் கோக்கும் வேலையை அந்த இடத்தில் விளையாட்டு செய்வதில்லை. வெளியே ஒரு படமாக எழுதி, வளத்தொகுப்பில் (விளையாட்டின் படங்களை மாற்றும் கோப்பு) சுவரோவியம் ஒன்றுக்குப் பதிலாக அதை வைத்துவிடுங்கள். ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்ற எங்கள் பதாகை உண்மையில் ஓர் ஓவியம்.

## மின்சாரம்

அக்டோபர், நவம்பர் சாயங்காலங்களில் இங்கே இடி இல்லாத நாள் குறைவு. நாடகத்தை இரவு ஒன்பதுக்கு வைக்கிறோம். அன்று மதியமே சர்வரை நிறுத்தி, உலகக் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்து வேறு வட்டில் வைத்துவிடுவேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரதி எடுக்காதீர்கள், பாதி எழுதிய கோப்பு வரும்.

## “அடுப்பு அந்தப் பக்கம் இல்ல”

இது போன தீபாவளியில் வந்த குறை, தந்தவர் பாட்டி. நாடகம் முடிந்து, அங்பாவ் கொடுத்து, எல்லாரும் லயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சிக் கணக்கை அவர் முன்பு குடியிருந்த வீட்டுக்குள் ஓட்டிக் காட்டினேன். ஒட்டிய இரண்டு வீட்டுக்கும் அடுப்பு பொதுச் சுவரின் இரு பக்கம் எதிரெதிரே இருக்கும் என்றார். சுவரில் தட்டினால் பக்கத்து வீட்டம்மா நெருப்புக் கங்கு கொடுப்பாராம்.

நான் ஒரு வீட்டைக் கட்டி, நகலெடுக்கும் கட்டளையால் பன்னிரண்டு தடவை வரிசையாக ஒட்டியிருந்தேன். அந்தக் கட்டளை ஒரு தடவைக்கு 32,768 கட்டம் வரை அள்ளும். ஆனால் உள்ளதை உள்ளபடிதான் வைக்கும், இடவலம் மாற்றாது. அதனால் பன்னிரண்டு அடுப்பும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டுமென்றால் கட்டமைப்புப் பெட்டி வேண்டும். அதைக் கட்டளை போட்டுத்தான் வரவழைக்க முடியும், படைப்பு முறையும் நிர்வாகி உரிமையும் தேவை. ஒரு வீட்டைச் சேமித்து, கண்ணாடித் தேர்வில் இடவலத்தைத் திருப்பி, இரட்டைப்படை வீடுகளில் இறக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 48 கட்டம் வரை தாங்கும், லயத்து வீட்டுக்கு அது தாராளம். கதவு தவறிய பக்கம் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நான் ஆறாவது வீடு வரை மாற்றியிருக்கிறேன்.